குழந்தைங்க ஐசியுல நர்ஸ் பிராக்டிஷனர் ஆகணும்னா: அமெரிக்கால எங்க ஆரம்பிக்கணும், எங்க ஏமாறக் கூடாது

நர்ஸ் பிராக்டிஷனர்னா மேல்படிப்பு படிச்சு, பேஷண்ட பாத்து மருந்து எழுதற அதிகாரம் இருக்கற நர்ஸ். எஃப்என்பி, அதாவது ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படிச்சா எல்லா வயசு பேஷண்டையும் பாக்கலாம், அப்புறம் குழந்தைங்க ஐசியு, அதான் பிஐசியு, அதுலயும் ஈசியா வேலை கிடைச்சுடும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க. என்கூட நைட் ஷிஃப்ட் பாத்த ஒரு தோழி, குழந்தைங்க ஐசியுல எட்டு வருஷம், வென்டிலேட்டர், எக்மோன்ற இதய நுரையீரல் மெஷின் எல்லாம் தண்ணி பட்ட பாடு, ஆன்லைன்ல சுலபமா சீட் கிடைக்குதேன்னு எஃப்என்பி சேர்ந்து முடிச்சா, முடிச்ச கையோட அதே யூனிட்ல பிராக்டிஷனர் போஸ்ட்டுக்கு அப்ளை பண்ணா, தகுதி சரிபாக்கற கிரெடென்ஷியலிங் ஆபீஸ்ல இருந்து ஒரே வரில முடியாதுன்னு மெயில் வந்துச்சு. மறுபடியும் போஸ்ட் மாஸ்டர்ஸ் சர்டிஃபிகேட்னு ஒன்றரை வருஷம், அதுக்குக் காசு தனி. அவ கை சுத்தம், மூளை சுத்தம், எடுத்த டிராக்தான் தப்பு.

ஏன் அப்படின்னா, அமெரிக்கால 2008ல ஏபிஆர்என், அதாவது மேல்படிப்பு படிச்ச நர்ஸுங்களுக்கு, கன்சென்சஸ் மாடல்னு ஒண்ணு வந்துச்சு. அதுல நர்ஸ் பிராக்டிஷனர்ங்கள பாக்கற பேஷண்ட் கூட்டத்த வெச்சுப் பிரிச்சாங்க, குழந்தைங்களையும் பெரியவங்களையும் மட்டும் பிரைமரி கேர், அக்யூட் கேர்னு இன்னும் ரெண்டா உடைச்சாங்க. தடுப்பூசி, வளர்ச்சி, காதுவலி, ஸ்கூல் செக்கப் எல்லாம் பிரைமரி கேர். திடீர்னு சீரியஸ் ஆகற குழந்தை, நிலையா இல்லாத குழந்தை, மெஷின நம்பி இருக்கற குழந்தை எல்லாம் அக்யூட் கேர். நீங்க எந்த பில்டிங்ல வேலை பாக்கறீங்கன்றது இதுல கணக்கே இல்ல, அந்தக் குழந்தைக்கு என்ன தேவைன்றதுதான் கணக்கு. எமர்ஜென்சில வர்ற சாதாரண சளிக்குழந்தைய பிரைமரி கேர்காரங்க பாக்கலாம், பக்கத்து பெட்ல ஷாக்ல இருக்கறத பாக்கக் கூடாது. பிறந்த குழந்தைங்க ஐசியு, அதான் என்ஐசியு, அதுக்கு நியோநேட்டல்னு தனி டிராக்கே இருக்கு, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இந்த நர்ஸ் பிராக்டிஷனர்ன்ற வேலையே குழந்தைங்ககிட்ட இருந்துதான் ஆரம்பிச்சது தெரியுமா? 1965ல கொலராடோ பல்கலைக்கழகத்துல லொரெட்டா ஃபோர்ட்னு ஒரு நர்ஸும் ஹென்றி சில்வர்னு ஒரு குழந்தை டாக்டரும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க, அந்தம்மா 2025 ஜனவரிலதான் 104 வயசுல காலமானாங்க. ஆனா அக்யூட் கேருக்குன்னு தனி பரீட்சை வந்தது 2005லதான், அதனால இது ரொம்பப் பழைய பாதை இல்ல, அமெரிக்காக்காரங்களுக்கே நிறைய பேருக்கு வித்தியாசம் தெரியாது.

என் சித்தி பொண்ணு திருச்சில பிஎஸ்சி நர்சிங் கடைசி வருஷம் படிக்கறா. "அக்கா நீ அங்க டாக்டரா நர்ஸா, அம்மா எல்லார்கிட்டயும் டாக்டர்னு சொல்லிட்டுத் திரியறாங்க"ன்னு கேட்டா. நான் நர்ஸ்தான்டி. ஆனா நம்ம ஊர் ஆஸ்பத்திரில நைட் டியூட்டில ஒரு பிஜி டாக்டர் நின்னு என்னென்ன பண்ணுவாரோ அதுல பெரும்பகுதிய இங்க நான் பண்றேன். காலைல ஆறரைக்கு ஹேண்டோவர், அப்புறம் என் பேருல இருக்கற குழந்தைங்கள தலைல இருந்து கால் வரைக்கும் பாக்கறது, ரவுண்ட்ஸ்ல பெரிய டாக்டர் முன்னாடி கேஸ் சொல்லி பிளான் என்னன்னும் நானே சொல்றது, ஆர்டர் போடறது, வென்டிலேட்டர் செட்டிங் மாத்தறது, தேவைப்பட்டா டியூப் போடறது, சென்ட்ரல் லைன், ஆர்ட்டீரியல் லைன், முதுகுல தண்ணி எடுக்கறது. நடுவுல அப்பா அம்மாவ உக்கார வெச்சுப் பேசறது, நேரத்துல பாதி அதுக்கே போயிடும். இந்தியாலயும் நர்சிங் கவுன்சில் என்பிசிசினு கிரிட்டிக்கல் கேர்ல ரெண்டு வருஷ ரெசிடென்சி எம்எஸ்சி ஆரம்பிச்சிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா அத வெச்சுக்கிட்டு இங்க நேரா பிராக்டிஷனர் ஆக முடியாது, அதையும் சொல்லிடறேன்.

சரி முதல் படி ஆர்என், அதாவது பதிவு பெற்ற நர்ஸ் லைசென்ஸ். இங்கயே பிறந்து வளந்த பசங்கன்னா நாலு வருஷ பிஎஸ்என்ன்ற நர்சிங் டிகிரி முடிச்சு என்கிளெக்ஸ்ன்ற லைசென்ஸ் பரீட்சை எழுதினா முடிஞ்சது. நம்ம ஊர்ல படிச்சவங்களுக்குத்தான் கதை நீளம். பிஎஸ்சி நாலு வருஷம் படிச்சிருந்தா நல்லது, ஜிஎன்எம் மட்டும்னா போஸ்ட் பேசிக் முடிச்சுட்டு வாங்க, ஏன்னா பின்னாடி மாஸ்டர்ஸுக்கு பேச்சலர் டிகிரி கேப்பாங்க. சிஜிஎஃப்என்எஸ், இப்ப 2025ல ட்ரூமெரிட்னு பேர மாத்திக்கிட்டாங்க, அவங்ககிட்ட உங்க சர்டிஃபிகேட் எல்லாம் சரிபார்க்க அனுப்பணும். காலேஜ், யுனிவர்சிட்டி, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் எல்லாம் நேரடியா அவங்களுக்கு அனுப்பணும், நீங்க கைல வெச்சிருக்கற ஜெராக்ஸ் செல்லாது. என் காலேஜ்ல டிரான்ஸ்கிரிப்ட் வாங்க எனக்கு ஏழு மாசம் ஆச்சு, எங்கப்பா ஒன்பது தடவ பஸ் ஏறிப் போனார், கிளார்க் லீவு, சீல் இல்ல, பிரின்சிபால் மீட்டிங்ல இருக்காங்கன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, காலேஜ விட்டு வெளிய வர்றப்பவே டிரான்ஸ்கிரிப்டும் எந்த வார்டுல எத்தன மணி நேரம் கிளினிக்கல் பண்ணீங்கன்ற கணக்கும் கைல வாங்கிடுங்க, ஒரு காப்பி வேணாம் அஞ்சு காப்பி, சீல் வெச்ச கவர்ல. கலிஃபோர்னியா போகணும்னு ஆசைனா இன்னொரு சிக்கல், ஒரு பாடத்தோட தியரியும் கிளினிக்கலும் ஒரே காலகட்டத்துல நடந்திருக்கணும்னு ரொம்பக் கறாரா பாப்பாங்க, நம்மாளுங்க நிறைய பேர் அதுல மாட்டிக்கறாங்க, அதனால வேற மாநிலத்துல முதல்ல அப்ளை பண்றதுதான் சாமர்த்தியம்.

என்கிளெக்ஸ சென்னைலயே பியர்சன் வியூ சென்டர்ல எழுதலாம். கம்ப்யூட்டர் உங்க பதிலுக்கு ஏத்த மாதிரி கேள்வி கேக்கும், குறைஞ்சது 85 அதிகபட்சம் 150, அஞ்சு மணி நேரம். 2023 ஏப்ரல்ல இருந்து புது மாதிரி கேள்விகள் வந்துடுச்சு, ஒரு பேஷண்ட் கேஸ குடுத்து வரிசையா முடிவெடுக்க சொல்ற டைப், பழைய கைடு மனப்பாடம் பண்ணா வேலைக்காகாது.

விசா. பெருமூச்சு விட்டுட்டுத்தான் எழுதணும். நர்ஸுங்களுக்கு 'ஷெட்யூல் ஏ'ன்னு ஒரு சலுகை இருக்கு, ஆள் பத்தாக்குறைன்னு தொழிலாளர் துறை ஏற்கனவே ஒத்துக்கிட்ட வேலை, அதனால ஈபி3 கிரீன் கார்டு வழில ஆஸ்பத்திரி நேரடியா பெட்டிஷன் போடலாம். ஆனா இந்தியால பிறந்தவங்களுக்கு அந்த வரிசை பத்து வருஷத்துக்கு மேல இழுக்குது. இலங்கைல பிறந்த தமிழர்னா வரிசை வேற, அது இவ்ளோ மோசம் இல்ல, ஏன்னா பிறந்த நாட்ட வெச்சுத்தான் கணக்கு, பாஸ்போர்ட்ட வெச்சு இல்ல. இன்னொரு கூட்டம் என்ன மாதிரி, வீட்டுக்காரர் ஐடில ஹெச்1பின்ற வேலை விசால வந்தார், நான் அவர் மனைவின்ற முறைல ஹெச்4 விசால வந்து ரெண்டு வருஷம் சும்மா சாம்பார் வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஹெச்4ல படிக்கலாம், வேலை பாக்க ஈஏடின்ற வேலை அனுமதிக் கார்டு வேணும், அது அவருக்கு ஐ140ன்ற கிரீன் கார்டு பெட்டிஷன் அப்ரூவ் ஆனாத்தான் பெரும்பாலும் கிடைக்கும். சில மாநிலத்துல சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாம லைசென்ஸே தர மாட்டாங்க, சில மாநிலத்துல தருவாங்க, அதனால அந்த ரெண்டு வருஷத்த என்ன மாதிரி வீணாக்காம என்கிளெக்ஸ முடிச்சு லைசென்ஸ் வாங்கி வெச்சுக்கோங்க, கார்டு வந்த அடுத்த வாரமே இன்டர்வியூவுக்குப் போகலாம். ஸ்டூடண்ட் விசால வந்து மாஸ்டர்ஸ் பண்றதும் வழிதான். சாதாரண ஆர்என் வேலைக்கு ஹெச்1பி கிடைக்கறது கஷ்டம், பிராக்டிஷனர் வேலைக்கு மாஸ்டர்ஸ் கட்டாயம்ன்றதால அது பொருந்தும். ஆனா 2025 செப்டம்பர்ல வெளிநாட்ல இருந்து புதுசா எடுக்கற ஹெச்1பிக்கு ஒரு லட்சம் டாலர்னு அறிவிச்சதுக்கு அப்புறம் நிலைமை மாறிட்டே இருக்கு, இதுக்கெல்லாம் வாட்ஸ்அப் குரூப்ப நம்பாம ஒரு இமிக்ரேஷன் வக்கீலுக்குக் காசு குடுத்துக் கேளுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், பெட் பக்கத்துல நிக்கற வருஷங்கள். நிறைய புரோகிராம்ல ஒரு வருஷம் ரெண்டு வருஷம் குழந்தைங்க ஐசியு மாதிரி இடத்துல ஆர்என் அனுபவம் கேப்பாங்க. என்னக் கேட்டா மூணு வருஷத்துக்குக் குறையாம இருங்க. அவசரப்பட்டு ஒரு வருஷத்துல ஓடி வந்தவங்கள நான் பாக்கறேன், புத்தகம் எல்லாம் தெரியும், ஆனா கதவத் திறந்து உள்ள போனதும் இந்தக் குழந்தை சரியில்லன்னு வயித்துல ஒரு கலக்கம் வரணும் பாருங்க, அது வராது.

உதாரணம் சொல்றேன். குளிர்காலத்துல ஆர்எஸ்வி வைரஸ் சீசன்ல பிராங்கியோலைட்டிஸோட, அதாவது நுரையீரல் சின்னக் குழாய் வீக்கத்தோட, மூணு மாசக் குழந்தை வரும், நிமிஷத்துக்கு 70 தடவ மூச்சு, நெஞ்சுக்குழி உள்ள இழுக்குது, மூக்கு விரியுது. ரெண்டு மணி நேரம் கழிச்சு மூச்சு 25க்கு வந்துடுச்சு, அழுகை நின்னுடுச்சு, அமைதியா படுத்திருக்கு. புதுசா வந்தவங்க அப்பாடா சரியாயிடுச்சுன்னு நினைப்பாங்க. அது சரியாகல, களைச்சுப் போச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல மூச்சே நின்னுடும். குழந்தைங்களுக்கு இதயம் நிக்கறது பெரும்பாலும் மூச்சுல இருந்துதான் ஆரம்பிக்கும், பெரியவங்க மாதிரி நேரா ஹார்ட் அட்டாக் இல்ல. பிபியும் அப்படித்தான், ஷாக்ல இருக்கற குழந்தை கடைசி வரைக்கும் பிபிய இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கும், அது இறங்கறப்ப நீங்க ஏற்கனவே லேட். ஒண்ணுல இருந்து பத்து வயசு வரைக்கும் 70 கூட வயச ரெண்டு மடங்காக்கிக் கூட்டிக்கோங்க, மேல் பிபி அதுக்குக் கீழ போனா அபாயம், நாலு வயசுப் பிள்ளைக்கு 78. ஆனா நம்பர் வர்றதுக்கு முன்னாடியே கைய தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கா, நகத்த அழுத்தி விட்டா ரத்தம் திரும்ப எத்தன செகண்ட் ஆகுது, அம்மாவ அடையாளம் தெரியுதா.

கணக்கும் ஓடணும் மனசுக்குள்ள. எல்லாமே கிலோ கணக்கு. 14 கிலோ பிள்ளைக்கு மணிக்கு எவ்ளோ டிரிப்ஸ்னு கேட்டா முதல் பத்து கிலோக்கு நாலு நாலா 40, மிச்சம் நாலு கிலோக்கு ரெண்டு ரெண்டா 8, ஆக 48 மில்லினு போன எடுக்காம வரணும். புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனா பத்து மடங்கு மருந்து போயிடும், இந்த ஒரு பயம் கடைசி வரைக்கும் போகக் கூடாது.

இந்த வருஷங்கள்ல பால்ஸ்ன்ற குழந்தைங்க உயிர்காப்பு கோர்ஸ் முடிச்சு வெச்சுக்கோங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும். பீடியாட்ரிக் சிசிஆர்என்ன்ற ஐசியு நர்ஸ் சர்டிஃபிகேட் பரீட்சை எழுதுங்க, அதுக்கு ரெண்டு வருஷத்துல 1,750 மணி நேரம் சீரியஸ் குழந்தைங்கள நேரடியா பாத்திருக்கணும், அதுல 875 கடைசி ஒரு வருஷத்துல இருக்கணும். கட்டாயம் இல்ல, ஆனா அப்ளிகேஷன்ல அது தெரிஞ்சா மதிப்பு. யூனிட்ல இருக்கற நர்ஸ் பிராக்டிஷனர் ஒருத்தர்கிட்ட லீவு நாள்ல ஒரு ஷிஃப்ட் பின்னாடியே சுத்திப் பாக்கட்டுமான்னு கேளுங்க, ரெக்கமண்டேஷன் லெட்டரும் அங்க இருந்துதான் வரும்.

ஸ்கூல் தேர்ந்தெடுக்கறப்ப பாக்க வேண்டியது முதல்ல ஒரே வரி: இந்த புரோகிராம் முடிச்சா சிபிஎன்பி ஏசி, அதாவது குழந்தைங்க அக்யூட் கேர் பிராக்டிஷனர் பரீட்சை எழுதத் தகுதி இருக்கான்னு. வெறும் பீடியாட்ரிக்னு மட்டும் போட்டிருந்தா அது பிரைமரி கேரா இருக்கும், பிரோஷர்ல ஐசியு படம் போட்டிருந்தா மயங்கிடாதீங்க. சிசிஎன்இ இல்லன்னா ஏசென்ன்ற நர்சிங் கல்வி அமைப்போட அங்கீகாரம் இருக்கணும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம், வாண்டர்பில்ட், டியூக், சிகாகோல ரஷ், டெக்சாஸ் ஆர்லிங்டன்னு சில இடங்கள் இந்த டிராக்குக்குப் பேர் போனது. எம்எஸ்என்ன்ற நர்சிங் மாஸ்டர்ஸ்னா ரெண்டு ரெண்டரை வருஷம், டிஎன்பின்ற நர்சிங் டாக்டரேட்னா மூணு நாலு. எல்லாரும் டிஎன்பிக்கு மாறணும்னு ஆசிரியர் அமைப்புங்க சொல்லிட்டே இருக்காங்க, ஆனா பரீட்சைக்கும் லைசென்ஸுக்கும் எம்எஸ்என் போதும். கையில காசு கம்மின்னா முதல்ல எம்எஸ்என் முடிச்சு வேலைக்குப் போயிட்டு, ஆஸ்பத்திரி காசுல டிஎன்பி பண்ணுங்க, நான் அப்படித்தான் பண்ணப் போறேன், பண்ணலாமான்னும் யோசிச்சுட்டு இருக்கேன்.

ரெண்டாவது கேள்வி, பிரிசெப்டர, அதாவது கிளினிக்கல்ல கூட நின்னு சொல்லித் தர்றவர, யார் தேடித் தருவாங்க? இத கேக்காம சேந்துடாதீங்க. 2022ல வந்த தேசிய அளவுகோல்படி குறைஞ்சது 750 மணி நேரம் பேஷண்ட நேரடியா பாத்து கிளினிக்கல் முடிக்கணும், முன்னாடி 500 இருந்துச்சு. அந்த நேரத்த பிஐசியு, கார்டியாக் ஐசியு, எமர்ஜென்சி, ஹாஸ்பிடலிஸ்ட், சர்ஜரினு பிரிச்சு எடுக்கணும். சில ஆன்லைன் புரோகிராம்ல நீங்களே தேடிக்கோங்கன்னு கை விரிச்சுடுவாங்க, குழந்தைங்க ஐசியு எல்லா ஊர்லயும் இருக்கற விஷயமா சொல்லுங்க? ஒருத்தி நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போயி மோட்டல்ல தங்கி கிளினிக்கல் முடிச்சா, அவளுக்கு அப்ப ஒன்றரை வயசுக் குழந்தை வீட்ல. பாடத்த எங்க இருந்து வேணா கேக்கலாம், கிளினிக்கல் இடம் ஸ்கூலே ஏற்பாடு பண்ணித் தரணும், எழுத்துல வாங்குங்க.

படிப்புல பத்தோபிசியாலஜி, ஃபார்மகாலஜி, பிசிக்கல் அசெஸ்மென்ட் மூணும் அஸ்திவாரம், அது கஷ்டம்தான் ஆனா உக்காந்து படிச்சா வரும். எனக்கு நிஜமா கஷ்டமா இருந்தது வாயத் திறக்கறது. நம்ம ஊர்ல சார் வந்தா எழுந்து நிப்போம், ஃபைல நீட்டுவோம், சொன்னத எழுதிக்குவோம், அவ்ளோதான் நமக்குப் பழக்கம். முதல் ரொட்டேஷன்ல டயாபெட்டிக் கீட்டோஅசிடோசிஸ், அதாவது சுகர் ஏறி ரத்தத்துல அமிலம் சேந்த பிள்ளை ஒண்ணு, நான் சுகர், சோடியம், கேஸ் ரிப்போர்ட் எல்லாம் அழகா ஒப்பிச்சேன், அட்டெண்டிங், அதாவது பொறுப்புல இருக்கற பெரிய டாக்டர் கேட்டார், சரி நீ என்ன பண்ணப் போற? நான் அவர் முகத்தையே பாத்தேன், அவரும் என் முகத்தையே பாத்தார், பத்து பேர் சுத்தி நிக்கறாங்க. மூளை வீக்கம் வரலாம், அதனால தண்ணிய நிதானமா ஏத்தணும், மணிக்கு ஒரு தடவ நரம்பு பரிசோதனைனு எல்லாம் தெரியும், நர்ஸா ஆயிரம் தடவ பண்ணது, ஆனா என் பிளான்னு சொல்ல நாக்கு வரல. அன்னைக்கு ராத்திரில இருந்து வீட்ல கண்ணாடி முன்னாடி கேஸ் சொல்லிப் பழகினேன், வீட்டுக்காரர் அட்டெண்டிங் மாதிரி உக்காந்து கேள்வி கேப்பார், அவருக்கு ஒண்ணும் புரியாது, ஆனாலும் ஏன் ஏன்னு கேட்டுட்டே இருப்பார், அது போதும். நீங்களும் பண்ணிப் பாருங்க.

முடிச்சதும் பரீட்சை. பிஎன்சிபினு ஒரு போர்டு நடத்துது, 175 கேள்வி, அதுல 150க்குத்தான் மார்க், 25 சும்மா டெஸ்ட் பண்றதுக்கு, எது எதுன்னு தெரியாது, மூணு மணி நேரம். மூச்சு, இதயம், நரம்பு, தொற்று எல்லாம் வரும், ஐசியு மட்டும் இல்ல வார்டு கேஸும் நிறைய. பெரியவங்களுக்கான கேள்வி பேங்க் வாங்கி நேரத்த வீணாக்காதீங்க. படிச்சு முடிச்ச சூட்டோட ரெண்டு மூணு மாசத்துக்குள்ள எழுதிடுங்க, ஆறு மாசம் தள்ளிப் போட்டவங்க கஷ்டப்பட்டாங்க.

பாஸ் ஆயிட்டா நாளைக்கே வேலைன்னு நினைக்காதீங்க. மாநில ஏபிஆர்என் லைசென்ஸ், என்பிஐன்ற தேசிய அடையாள நம்பர், போதை வகை மருந்து எழுத டிஇஏ பதிவு, அப்புறம் ஆஸ்பத்திரி கிரெடென்ஷியலிங், எல்லாம் சேத்து மூணு நாலு மாசம் சம்பளம் இல்லாம ஓடும், அதுக்குக் கைல காசு வெச்சுக்கோங்க, இல்லன்னா பழைய ஆர்என் வேலைய விடாம இருங்க. மாநிலத்துக்கு மாநிலம் அதிகாரமும் மாறும். பாதிக்கு மேல மாநிலங்கள்ல சொந்தமா பிராக்டிஸ் பண்ணலாம். நான் இருக்கற டெக்சாஸ்ல டாக்டர்கூட ஒப்பந்தம் இருந்தாத்தான் மருந்து எழுத முடியும், மார்ஃபின் மாதிரி ஷெட்யூல் 2 மருந்த ஆஸ்பத்திரில அட்மிட் ஆன பேஷண்ட், எமர்ஜென்சி, ஹாஸ்பிஸ்னு குறிப்பிட்ட இடங்கள்லதான் எழுதலாம். ஐசியுக்குள்ளயே இருக்கறதால எனக்கு அது தினசரி பிரச்சினையா இல்ல.

முதல் வேலைக்கு, பெரிய குழந்தைங்க ஆஸ்பத்திரிங்க சிலதுல ஒரு வருஷ ஃபெலோஷிப் இருக்கும், கிடைச்சா சம்பளம் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் எடுத்துக்கோங்க. அது இல்லன்னா ஓரியண்டேஷன் எத்தன மாசம், ராத்திரில தனியா விடுவீங்களா, டியூப் போடற பயிற்சி யார் தருவாங்கன்னு இன்டர்வியூலயே கேளுங்க, கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்க. சம்பளம்னா 2023 அரசாங்கக் கணக்குப்படி எல்லா வகை நர்ஸ் பிராக்டிஷனருக்கும் சேத்து நடுமதிப்பு வருஷத்துக்கு 1,26,260 டாலர். ஆனா நைட்டும் ஓவர்டைமும் பாக்கற சீனியர் ஆர்என் சம்பளத்துக்கும் புது பிராக்டிஷனர் சம்பளத்துக்கும் சில இடத்துல பெரிய வித்தியாசமே இருக்காது, காசுக்காக மட்டும் வர்றதுன்னா வேணாம்.

ஒரு சின்ன விஷயம், நம்ம மொழி தெரிஞ்ச குடும்பம் வந்தா உடனே தமிழ்ல பேசிடணும்னு தோணும். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒண்ணு வந்துச்சு, பாட்டி என் பேர் பலகைய பாத்துட்டுக் கைய பிடிச்சுக்கிட்டாங்க. ஆறுதலா பேசலாம், ஆனா ஆபரேஷன் சம்மதம், ரிப்போர்ட் விளக்கம் எல்லாம் ஆஸ்பத்திரி மொழித்தேர்வு எழுதிப் பாஸ் பண்ணாத்தான் நேரடியா சொல்ல விடுவாங்க, இல்லன்னா இன்டர்பிரெட்டர் வரணும். நான் போன வருஷம் அந்தத் தேர்வு எழுதினேன், சிறுநீரகம் கல்லீரல்னு படிச்சுட்டுப் போனா அவங்க வயித்தாலப் போகுதுன்றத எப்படிச் சொல்வீங்கன்னு கேக்கறாங்க.

சித்தி பொண்ணுக்கு இதெல்லாம் சொல்லி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. எங்க ஆரம்பிக்கட்டும்னு கேட்டா. குழந்தைங்க வார்டு கிளினிக்கல் மணி நேரக் கணக்க காலேஜ்ல எழுதி வாங்குன்னு சொன்னேன். நேத்து மெசேஜ் வந்துச்சு, லெட்டர் குடுத்துட்டாளாம், கிளார்க் லீவுல இருக்காராம்.